தபீத்தாளும் சீஷிதான்

“ஆதிக் கிறிஸ்தவர்களுக்குச் சீஷத்துவம் என்பது என்னவாக இருந்தது? எல்லாவற்றையும் விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனவர்கள் மட்டும்தான் சீஷர்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பமும் வேலையும் உள்ள உங்களிடம் யாரோ “நீங்கள் விசுவாசிதான், சீஷர் அல்ல” என்று சொல்லியிருக்க வேண்டும் என ஊகிக்கிறேன். என் அம்மாவிடமும் அதையே சொன்னார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் அப்பா இறந்த பிறகு தையல் இயந்திரத்தை மிதித்தே எங்களை ஆளாக்கியவர் அம்மா. பள்ளி திறக்கும் நேரத்தில், துணியை மட்டும் கொண்டுவரும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கூலி வாங்காமல் சீருடை தைத்துக் கொடுப்பது அவர் வழக்கம். எங்கள் பகுதியில் சீஷத்துவப் பயிற்சி வகுப்பு ஒன்று தொடங்கியபோது, அதற்கென்று கேட்ட கட்டணத்தைச் சேர்த்துவைத்துக் கட்டி, என்னையும் அழைத்துக்கொண்டு போனார். வகுப்பை நடத்தியவர், இயேசு அழைத்ததும் பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை விட்டுச் சென்றதையும், யாக்கோபும் யோவானும் தங்கள் தகப்பன் செபெதேயுவைக் கூலியாட்களோடு படகிலேயே விட்டுச் சென்றதையும் வாசித்து, அப்படி விட்டு வராதவர்கள் வெறும் விசுவாசிகளே என்று முடித்தார். வீடு திரும்பும் வழியில் அம்மா, “அப்ப நானெல்லாம் சீஷி இல்லையா, பாப்பா?” என்று கேட்டார்.

அடுத்த வகுப்பில் நான் எழுந்து அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தை வாசித்தேன். யோப்பா பட்டணத்துத் தபீத்தாளைச் சீஷி என்றே வேதம் அழைக்கிறது. அவள் பிரசங்கம் செய்ததாகவோ ஊர் ஊராகப் போனதாகவோ அங்கே ஒரு வரியும் இல்லை. அவள் இறந்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுதுகொண்டே காட்டியவை அவள் செய்துகொடுத்த அங்கிகளும் வஸ்திரங்களுமே. “அது மரியாதைக்காகச் சொன்னது” என்று கூறிவிட்டு நடத்தியவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

நான் இறையியல் கற்றவள் அல்ல. முழுநேர ஊழியர்களைக் குறைத்துப் பேசுவதும் என் நோக்கமல்ல. சீஷத்துவத்தின் விலையை நான் மலிவாக்குவதாகவும் எண்ண வேண்டாம். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசு சொன்னதை நானும் அறிவேன். ஆனால் அந்த விலையை எல்லோரும் ஒரே விதமாகச் செலுத்தவில்லை. ஏரோதின் காரியக்காரன் கூசாவின் மனைவி யோவன்னாள் போன்ற பெண்கள் தங்கள் ஆஸ்தியால் ஊழியத்தைத் தாங்கியபடியே இயேசுவோடு சென்றார்கள். பிசாசுகளிலிருந்து விடுதலை பெற்ற கதரேனர் நாட்டு மனிதன் தானும் கூட வருகிறேன் என்று வேண்டிக்கொண்டபோதோ, இயேசு அவனைத் தன் வீட்டாரிடம் திரும்பிப் போகச் சொன்னார். எருசலேமில் பந்தி விசாரணை, அதாவது விதவைகளுக்கு அன்றாட உணவு பகிர்வது, பற்றி முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர் பன்னிருவரும் ‘சீஷர் கூட்டத்தை’ வரவழைத்ததாக அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. அங்கே பன்னிருவர் வேறு. சீஷர்கள் என்பது சபையார் அனைவரும்.

விலை எங்கே கடுமையானது என்றால், கிறிஸ்தவர் என்பதற்காகப் பிடிபட்ட இடத்தில். சுமார் கி.பி. 112இல் பொந்து, பித்தினியா பகுதியை ஆண்ட ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியும் முன்னே கூடி, திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டதைக் குறிப்பிடுகிறார். அவர்களைப் பற்றிய உண்மையை அறிய, சபையில் பணிவிடைக்காரிகள் எனப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களை அவர் சித்திரவதை செய்தார். அடிமைகளான அவர்களுக்கு விட்டுவிட்டு வருவதற்கென்று சொந்தமாகப் படகோ வலையோ இருந்திருக்குமா? ஏறத்தாழ அதே காலத்தில் அந்தியோகியாவின் கண்காணி இக்னாசியு, கொல்லப்படுவதற்காக ரோமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில், இப்போதுதான் சீஷனாகத் தொடங்குகிறேன் என்று எழுதினார். ஒரு சபையின் தலைவரே தம்மைத் தேறிய சீஷராக எண்ணவில்லை.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பணம் கட்ட முடியாத பெண்கள் சிலர் அந்த வகுப்பின் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆதிச் சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் மிகப் பழைய நூல்களில் ஒன்றான திதாகே, ஊர் ஊராக வரும் போதகரை வரவேற்றுத் தங்கவைக்கச் சொல்கிறது. ஆனால் மூன்று நாள் தங்கினாலோ, புறப்படும்போது பணம் கேட்டாலோ அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. சபையாரோடு குடியேற விரும்பும் கைத்தொழில்காரர் உழைத்துச் சாப்பிடட்டும் என்பதும் அதே நூலின் கட்டளைதான்.