‘ஒசாமா’வின் முடிவு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். ஆப்கானியப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, சித்தீக் பர்மக் இயக்கிய ‘ஒசாமா’வைப் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் கூட உட்கார்ந்தாள். தாலிபான் ஆட்சியில் வேலைக்குப் போவதற்காக ஆண் வேஷம் போட்ட அந்தச் சிறுமியைக் கிணற்றுக்குள் இறக்கும் இடத்தில் எழுந்து போய்விட்டாள். நான் கடைசிவரை பார்த்தேன். அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

எனக்குக் கோபம் இயக்குநர் மேல்தான். ஒரு குழந்தையை இவ்வளவு பாடுபடுத்திவிட்டு, கடைசியில் கிழட்டு முல்லாவுக்குக் கட்டிக்கொடுத்து முடித்துவிட்டால் எப்படி? துளி வெளிச்சமாவது காட்டியிருக்கலாமே. துயரத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்குவதாகத்தான் எனக்குப் பட்டது. என் மகள் கேட்டது வேறு: “அங்க யாருமே எதிர்த்துப் பேச மாட்டாங்களாம்மா?” எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம், இப்படிப்பட்ட படங்களைச் சாக்காக வைத்துக்கொண்டு நம் ஊர் முஸ்லிம்களைத் தப்பாகப் பேசுகிறவர்களை என்ன செய்வது?

அன்புடன்,
ச., தஞ்சாவூர்

*

அன்புள்ள ச.,

மகள் எழுந்து போனதில் தப்பே இல்லை. அவள் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

பர்மக்கிடம் வெளிச்சமான ஒரு முடிவு இருந்தது. படத்துக்கு அவர் முதலில் யோசித்த பெயரே ‘வானவில்’தான். வானவில்லுக்கு அடியில் நடந்துபோனால் பெண் ஆணாகிவிடலாம், ஆண் பெண்ணாகிவிடலாம் என்று பாட்டி கதை சொல்வாளே, அந்த வானவில். சிறுமி அதற்கடியில் நடந்துபோய்த் தப்பிப்பதாக இருந்ததை அவர் வெட்டி எடுத்துவிட்டார். படம் வந்தது 2003இல். தாலிபான் காபூலை விட்டு ஓடி ரொம்ப நாள் ஆகவில்லை. பெண் பிள்ளைகள் மறுபடி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். வானவில் காட்ட அதைவிடத் தோதான நேரம் கிடையாது. கைதட்டல்தான் குறி என்றால் அதை விட்டுவைத்திருப்பார். உண்மையில் தப்பிக்காத பிள்ளைகளைப் படத்தில் மட்டும் தப்பிக்கவைக்க அவருக்கு மனம் வரவில்லை என்றே நினைக்கிறேன். இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்.

சிறுமியாக நடித்த மரீனா கோல்பஹாரியை அவர் கண்டுபிடித்தது காபூல் தெருவில், பிச்சையெடுத்துக்கொண்டிருந்தபோது. 2015இல் தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் மரீனா தலையை மூடாமல் நின்ற புகைப்படம் வெளியானது. கொலை மிரட்டல்கள் வந்தன. ஊர் திரும்ப முடியாமல் பிரான்சில் அடைக்கலம் தேட வேண்டியதாயிற்று. அப்போது காபூலில் தாலிபான் ஆட்சிகூட இல்லை.

இன்னொன்று. இந்தப் படத்தில் சவுக்கும் துப்பாக்கியும் பயமுறுத்துவதற்கு முன்னாலேயே பசி வந்துவிடுகிறது. வீட்டில் பாட்டி, அம்மா, பன்னிரண்டு வயதுப் பெண். ஆண்கள் அடுத்தடுத்த போர்களில் போய்விட்டார்கள். அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரி மூடிக்கிடக்கிறது, சம்பளமும் வரவில்லை. பெண்கள் வேலைக்குப் போகக் கூடாது என்பது ஒரு சட்டம். மஹ்ரம், அதாவது கணவனோ நெருங்கிய ரத்த உறவுள்ள ஓர் ஆணோ துணைக்கு வராமல் தெருவில் இறங்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். ஆண் துணையே இல்லாத வீட்டில் இந்த இரண்டும் சேர்ந்தால் அடுப்பு தானாகவே அணைந்துவிடும், யாரும் வந்து அடிக்கக்கூட வேண்டாம். உள்நாட்டுச் சண்டையில் பல்லாயிரம் பெண்கள் கணவனை இழந்து நின்ற ஒரு நகரத்தில்தான் 1996 செப்டம்பரில் இந்தச் சட்டங்கள் வந்து இறங்கின.

அதனால்தான், பையனாக வேலைக்கு அனுப்ப, அந்தப் பிள்ளையின் தலைமுடியை வீட்டில் இருப்பவர்களே வெட்டுகிறார்கள். பாட்டி கதை சொல்லச் சொல்ல முடி விழுகிறது. வெட்டிய பின்னலை அந்தச் சிறுமி ஒரு பூந்தொட்டியில் நட்டு, ஆஸ்பத்திரி டிரிப்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக அதற்குத் தண்ணீர் விடுவாளே, கவனித்தீர்களா? எனக்குக் கிணற்றுக் காட்சியைவிடத் தாங்க முடியாதது அதுதான். கிணற்றில் இறக்குகிறவர்களை வெறுக்க முடிகிறது. பாட்டியையும் அம்மாவையும் என்ன செய்வது? பேத்தி சாகக் கூடாது என்பதற்காகத்தான் அவளை ஓநாய்களுக்கு நடுவே அனுப்புகிறார்கள்.

நம் ஊர் முஸ்லிம்களைப் பேசுகிறவர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் படத்தில் பாட்டியும் அம்மாவும் முஸ்லிம்கள்தான். துணிந்து வேலை கொடுத்த பால்கடைக்காரரும், ‘இவன் பேர் ஒசாமா’ என்று சொல்லி அவளைக் காப்பாற்றப் பார்க்கும் தெருவில் தூபம் காட்டிக் காசு வாங்கும் பையனும் முஸ்லிம்கள்தான். மறுபடி ஆட்சிக்கு வந்த தாலிபான் 2022 டிசம்பரில் ஆப்கானியப் பல்கலைக்கழகங்களைப் பெண்களுக்கு மூடியபோது, இது ஷரியத்துக்கே விரோதம் என்று கண்டித்தவர் கெய்ரோவில் இருக்கும் பழம்பெரும் இஸ்லாமியக் கல்வி நிலையமான அல் அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அல் தய்யிப். இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

இனி மகளின் கேள்வி. படம் எதில் தொடங்குகிறது என்று அவளுக்கு ஞாபகப்படுத்துங்கள். நீல புர்கா போட்ட பெண்கள் தெருவை அடைத்துக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் அரசியல் பேச வரவில்லை, பசிக்கிறது, வேலை கொடுங்கள் என்கிறார்கள். தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கலைக்கிறார்கள். 2022 ஆகஸ்ட் 13 அன்று காபூல் கல்வி அமைச்சகத்தின் முன்னால் ‘ரொட்டி, வேலை, விடுதலை’ என்று பெண்கள் நிஜமாகவே கோஷம் போட்டார்கள்; தாலிபான்கள் வானத்தை நோக்கிச் சுட்டு அவர்களைக் கலைத்தார்கள். அதே வருடம் டிசம்பர் 24 அன்று ஹெராத் நகரில், பல்கலைக்கழகத் தடையை எதிர்த்து மாணவிகள் இறங்கினார்கள். அவர்கள் மேலும் தாலிபான்கள் தண்ணீரைத்தான் பீய்ச்சினார்கள். பர்மக் ஆட்களை நடிக்கவைத்து எடுத்தது 19 வருடம் கழித்துச் செய்திப்படமாக வந்தது.

சத்தம் போடாமல் எதிர்த்தவர்களும் உண்டு. முதல் தாலிபான் ஆட்சியில் இதே ஹெராத்தில் தையல் வகுப்பு என்று சொல்லிக்கொண்டு பெண்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். பைக்குள் மேலே துணியும் கத்தரிக்கோலும், அடியில் நோட்டுப் புத்தகம். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வந்து இலக்கியம் சொல்லிக்கொடுத்தார்கள். வெளியே விளையாடுகிற பிள்ளைகள்தான் காவல். நாதியா அஞ்சுமன் என்ற கவிஞர் அங்கே படித்து வந்தவர்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 2021இல் தாலிபான் திரும்பி வந்த பிறகு, பெண் பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. உங்கள் மகளின் வயதுப் பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பு என்று ஒன்று கிடையாது. 2024 டிசம்பரில் நர்ஸ் படிப்பையும் மகப்பேறு பார்க்கும் படிப்பையும் பெண்களுக்கு நிறுத்திவிட்டார்கள்.

மீதிப் படத்தை அவளாகக் கேட்டால் கூட உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள். கிணற்றுக்குப் பிறகு என்ன வருகிறது என்பதை, முல்லா தன் மனைவிகளை அடைத்துவைக்கும் அந்தப் பூட்டுகள் வரைக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

அன்புடன்.