கியோட்டோ ரயில் நிலையத்தைச் சுற்றி நடந்து பார்க்க: கேள்விகளும் பதில்களும்

கியோட்டோ ரயில் நிலையத்தில் இறங்கி, பேருந்தோ டாக்சியோ ஏறாமல், நடந்தே என்னென்ன பார்க்கலாம் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, இயன்றவரை விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

மீனாட்சி: ஒசாகாவிலிருந்து ஒரு நாள் பயணமாக வருகிறோம். இறங்கியவுடன் பேருந்து நிறுத்தத்துக்குப் போகும்படிதான் எல்லோரும் சொல்கிறார்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே பார்க்கத் தகுந்தவை இல்லையா?

தாராளமாக இருக்கின்றன. இருபத்தைந்து நிமிட நடைக்குள் நான்கு பெருங்கோயில்களும் ஒரு பழைய தோட்டமும் அமைந்திருக்க, அவற்றைத் தாண்டிக்கொண்டு எல்லோரும் நெரிசலான பேருந்துகளில் வெளியேறுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. முன்பு விற்கப்பட்ட, பேருந்துக்கு மட்டுமான ஒருநாள் சீட்டும் இப்போது கிடையாது. திசையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளங்கள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. வடக்கே கராசுமா வாயில். அந்தப் பக்கம் இரண்டு ஹோங்கான்ஜி கோயில்களும் ஷோசெய்-என் தோட்டமும் உள்ளன. தெற்கே ஹாச்சிஜோ வாயில். அங்கிருந்து தென்மேற்காகக் கால் மணி நேரம் நடந்தால் தோஜி கோயில். வடகிழக்கில் இருபது நிமிடத் தொலைவில் சஞ்சுசாங்கென்தோ கோயில்.

ராஜேஷ்: டோக்கியோவிலிருந்து இரவுப் பேருந்தில் வருகிறேன். காலை ஆறு மணிக்கெல்லாம் இறக்கிவிட்டுவிடுவார்கள். கடைகள் திறக்கும் வரை என்ன செய்வது?

அந்த நேரம்தான் உங்களுக்குக் கிடைத்த பேறு. ஹிகாஷி ஹோங்கான்ஜி மார்ச் முதல் அக்டோபர் வரை காலை 5.50 மணிக்கும், குளிர்மாதங்களில் 6.20 மணிக்கும் திறந்துவிடுகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. கராசுமா வாயிலிலிருந்து ஏழெட்டு நிமிட நடை. காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஜோதோ ஷின் என்ற பௌத்தப் பிரிவின் நிறுவனர் ஷின்ரானுக்குரிய கொயெய்-தோ மண்டபத்தில் பாய்மீது சற்று நேரம் உட்காருங்கள். 76 மீட்டர் அகலமும் 38 மீட்டர் உயரமும் கொண்ட அந்த மண்டபம், உலகின் மிகப் பெரிய மரக் கட்டிடங்களுள் ஒன்று.

அதையும் பக்கத்து மண்டபத்தையும் இணைக்கும் நடைவழியில் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தவறவிடாதீர்கள். 1864ஆம் ஆண்டுத் தீயில் கோயில் அழிந்த பின், 1880இல் தொடங்கி 1895இல் முடிந்த திருப்பணியில், பெரிய மரங்களை இழுக்கும்போது கயிறுகள் அறுந்துகொண்டே இருந்தன. ஜப்பானின் பல பகுதிகளிலிருந்தும் பெண்கள் தங்கள் கூந்தலைக் காணிக்கையாக அனுப்ப, அதைச் சணலோடு சேர்த்து முறுக்கிக் கயிறு திரித்தார்கள். பெட்டிக்குள் சுருண்டு கிடப்பது அவற்றுள் ஒன்று: 69 மீட்டர் நீளம், 375 கிலோ எடை. கிட்டப்போய்ப் பார்த்தால் கருமைக்கு நடுவே நரைமுடியும் தெரியும். முதிய பெண்களும் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அந்த நரைதான் நமக்குச் சொல்கிறது.

நளினி: ஹிகாஷி, நிஷி என்று இரண்டு ஹோங்கான்ஜிகள். ஒன்றைப் பார்த்தால் போதாதா?

நேரமிருந்தால் இரண்டையும் பாருங்கள். இடையே பத்துப் பதினைந்து நிமிட நடைதான். அப்போதைய ஆட்சியாளர் ஹிதெயோஷி அளித்த நிலத்தில் 1591இல் வந்தமைந்தது நிஷி (மேற்கு) ஹோங்கான்ஜி. அந்தச் சமயப் பிரிவின் பலத்தைக் குறைக்க விரும்பிய, பின்னர் ஆட்சிக்கு வந்த தொகுகாவா இயெயாசு, 1602இல் கிழக்கே மற்றொரு நிலம் கொடுத்து அதை இரண்டாகப் பிரித்தார்; அங்கே எழுந்ததுதான் ஹிகாஷி (கிழக்கு) ஹோங்கான்ஜி. நிஷி, உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்று. அதன் தென்புறத்திலுள்ள கராமோன் வாயிலின் வண்ணச் சிற்பங்கள் அண்மையில் புதுப்பிக்கப்பட்டுப் பளிச்சென்று இருக்கின்றன. ஆனாலும் நான் முதலில் காட்ட விரும்புவது மண்டபத் தாழ்வாரத்தின் தரைப்பலகைகளைத்தான். மரத்தில் கணுவோ வெடிப்போ இருந்த இடத்தைத் தச்சர்கள் வெட்டியெடுத்து, அதில் சுரைக்குடுக்கை, விசிறி, பூ என்று விதவிதமான வடிவங்களில் வேறு மரத்துண்டுகளை இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். குனிந்து தேடினால் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். இரு கோயில்களுக்கும் நடுவிலுள்ள தெருக்களில் ஊதுவத்தி, செபமாலை, வீட்டுப் பூசைமாடம் விற்கும் கடைகளையும் பார்த்தபடி நடக்கலாம்.

பாலன்: நான்கு நாளில் பல கோயில்களைப் பார்த்தாகிவிட்டது; எல்லாம் ஒன்று போலவே தோன்றத் தொடங்கிவிட்டன. நமக்கு நெருக்கமாகத் தோன்றக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. தோஜிக்குப் போங்கள். எல்லோரும் அங்கே போவது ஐந்தடுக்குக் கோபுரத்துக்காக. 55 மீட்டர் உயரம். ஜப்பானின் மிக உயர்ந்த மரக் கோபுரம். நான்கு முறை எரிந்து, 1644இல் ஐந்தாம் முறையாக எழுப்பப்பட்டது. நான் உங்களை நிற்கச் சொல்வது கோதோ என்னும் விரிவுரை மண்டபத்தில். மங்கிய வெளிச்சத்தில் 21 சிலைகள் மண்டலம் என்ற பௌத்தத் தெய்வ வரிசை அமைப்பில் இருக்கின்றன. மேடையின் ஒரு கோடியில் நான்கு முகங்களும் நான்கு கைகளுமாக, அன்னங்கள் தாங்கிய தாமரையில் அமர்ந்திருப்பவர் பிரம்மா. மறு கோடியில் யானைமேல் ஒரு காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பவர் இந்திரன். அறிவிப்புப் பலகையில் போந்தென், தாய்ஷாகுதென் என்று எழுதியிருக்கும். வாகனங்களைப் பார்த்தவுடன் நமக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

இந்த அமைப்பை வகுத்தவர், 823இல் தோஜியைப் பொறுப்பேற்ற கூக்காய் என்ற துறவி. சீனத்தில் அவருக்குத் தீட்சை அளித்தவர் ஹுய்குவோ. ஹுய்குவோவின் ஆசிரியர் அமோகவஜ்ரர். அமோகவஜ்ரரின் ஆசிரியர், பல்லவர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை வழியாகக் கடல் கடந்து சீனம் சேர்ந்த வஜ்ரபோதி. காஞ்சியோடு அவரைத் தொடர்புபடுத்திச் சீனக் குறிப்புகள் பேசுகின்றன. கூக்காய் சீனத்திலிருந்து கொண்டுவந்த வஜ்ரபோதியின் உருவப்படம் இன்றும் தோஜியின் உடைமையாக இருக்கிறது; ஆனால் அதை எப்போதும் பார்வைக்கு வைப்பதில்லை. நம் கடற்கரைக்கும் இந்த மண்டபத்துக்கும் இடையே உள்ள உறவு வெறும் ஊகமன்று, பெயர் பெயராகச் சொல்லக்கூடிய குருபரம்பரை என்பதால், இதைப் பார்க்காமல் நம்மவர்கள் திரும்பக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மீதி நேரமிருந்தால் சஞ்சுசாங்கென்தோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 120 மீட்டர் நீள மண்டபத்தில் நிற்கும் கன்னோன் (அவலோகிதேஸ்வரர்) என்ற கருணைத் தெய்வத்தின் ஆயிரம் சிலைகளுக்கு முன்னால் காவல் தெய்வங்கள் 28. அவற்றுள் அலகும் சிறகுமாகப் புல்லாங்குழல் ஊதுபவர் கருடன். இரண்டு இடங்களிலும் மண்டபத்துக்குள் படமெடுக்க அனுமதி இல்லை.

தேவகி: நாங்கள் சைவம். நிலையத்தருகே என்ன சாப்பிடுவது?

கவனமாக இருக்க வேண்டும். காய்கறி மட்டுமே கண்ணுக்குத் தெரியும் சூப்பிலும் குழம்பிலும், காய்ந்த மீன் சீவலைக் கொதிக்கவைத்து எடுத்த தாஷி என்ற சாறு பெரும்பாலும் இருக்கும். நிலையத்தின் பத்தாம் தளத்திலுள்ள ராமென் நூடுல்ஸ் கடைவரிசை பெரும்பாலும் உங்களுக்கு ஒத்துவராது. கோயில் மடங்களின் வழிவந்த ஷோஜின் என்ற சைவ உணவு பரிமாறும் இடமாகப் பாருங்கள். அங்கும் தாஷி கடற்பாசியில் எடுத்ததுதானா என்று கேட்டுவிடுங்கள். நிலையத்தோடு ஒட்டிய பல்பொருள் அங்காடியின் நிலத்தடித் தளத்தில் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொள்ளலாம். தெருவில் குப்பைத்தொட்டி அரிது. கையில் ஒரு பை வைத்திருங்கள்.

ஃபாத்திமா: அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரை எங்கே அழைத்துப் போகலாம்?

இந்தப் பகுதி முழுவதும் சமதரை, நடப்பது சிரமமில்லை. இரண்டு ஹோங்கான்ஜிகளிலும் மரப்படி ஏறி, காலணி கழற்றி, பாயில் அமர வேண்டியிருக்கும். தோஜியின் மண்டபங்களுக்குள் காலணியோடே போகலாம் என்பதால் அம்மாவுக்கு அதுவே ஏற்றது. வளாகத்தில் சரளைக்கல் பரப்பியிருப்பார்கள். அங்கே மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் 21ஆம் தேதி கூக்காய் நினைவாகப் பெருஞ்சந்தை கூடும். அம்மாவோடு போவதானால் அன்று வேண்டாம்.

கார்த்திக்: ஃபுஷிமி இனாரி ஆலயத்துக்கும் நடந்தே போய்விடலாமா?

முடியும், ஆனால் பயனில்லை. நாரா தடத்து ரயிலில் இரண்டாவது நிறுத்தம், ஐந்து நிமிடம். அங்கே மலையேற வேண்டும். கால் வலுவை அதற்குச் சேமித்து வையுங்கள்.

சிவகுமார்: மாலை ஐந்து மணிக்குமேல் வந்து சேர்கிறேன், மறுநாள் காலையிலேயே கிளம்ப வேண்டும். எனக்கு ஒன்றுமே கிடைக்காதா?

கோயில்களுக்குள் போக முடியாது. ஐந்து மணிவாக்கில் அடைத்துவிடுவார்கள். ஆனால் நிலையக் கட்டிடமே பார்க்கத் தகுந்தது. நகரம் தலைநகராகி 1200 ஆண்டுகள் நிறைவதையொட்டித் திட்டமிடப்பட்டு, ஹாரா ஹிரோஷியின் வடிவமைப்பில் 1997இல் திறக்கப்பட்டது. பழம்பெரும் நகருக்கு இவ்வளவு பெரிய கண்ணாடிக் கட்டிடமா என்ற எதிர்ப்பு அப்போது பலமாக எழுந்தது. எதிர்த்தவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. என்றாலும், எந்தக் கட்டணமும் கேட்காமல் எல்லோரையும் கூரை வரை ஏறவிடும் ஒரு நிலையத்தை என்னால் குறைகூற முடியவில்லை. பெட்டியைக் காயின் லாக்கரில் வைத்துவிட்டு, மேற்குப் பக்கத்திலுள்ள 171 படிகளில் ஏறுங்கள். பக்கத்திலேயே எஸ்கலேட்டரும் உண்டு. இருட்டியபின் படிகளின் முகப்பில் விளக்குப் படங்கள் ஓடும். பத்தாம் தளத்தில், 45 மீட்டர் உயரத்தில், கண்ணாடிச் சுவருக்குள் நடைபாலம் ஒன்று செல்கிறது. அதில் பாதி வழியில் நின்று வடக்கே பாருங்கள்: நேரெதிரே 1964இல் எழுப்பிய கியோட்டோ கோபுரம். மறுநாள் ரயில் எட்டு மணிக்குமேல் என்றால், விடியலில் ராஜேஷுக்குச் சொன்ன கோயிலுக்குப் போய்த் திரும்பிவிடலாம்.