பேத்தி ‘போகமாட்டேன்’ என்றால் நீதிமன்றம் கேட்குமா?

கேள்வி: ஏழு மாதங்களுக்கு முன் என் மகள் 13 வயதுப் பேத்தியுடன் சிங்கப்பூரிலிருந்து காரைக்குடிக்கு வந்துவிட்டாள். பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லி மாப்பிள்ளை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டிருக்கிறார். பேத்தி போகமாட்டேன் என்கிறாள். அவள் கைப்பட எழுதி, நோட்டரி முத்திரை வாங்கிவிட்டால் போதும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எடுபடுமா?

பதில்: ஆச்சி, அந்தத் தெரிந்தவரை முதலில் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பத்திரப்பதிவுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது பிள்ளை வழக்குக்கும் வந்துவிட்டார்கள். அந்தக் கடிதம், ‘யார் சொல்லி எழுதினாள்?’ என்ற கேள்வியைத்தான் கிளப்பும்.

பேத்தி சொல்வதைக் கேட்பார்கள், அதுவே தீர்ப்பாகிவிடாது. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் ‘கருதலாம்’ என்கிறது 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். இத்தனை வயது என்று வரையறுக்கவில்லை. பிள்ளையின் விருப்பம் வேறு, நலன் வேறு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, ஒரு பிள்ளையை அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்ப உத்தரவிட்டது.

நீதிபதி பெரும்பாலும் பிள்ளையைத் தன் அறைக்குத் தனியே அழைத்துப் பேசுவார். அங்கே பள்ளி எப்படி, தோழிகள் யார், அப்பச்சியிடம் (அப்பாவிடம்) கடைசியாக எப்போது பேசினாய் என்று போகும் பேச்சு. ‘எனது நலனும் எதிர்காலமும் பாதிக்கப்படும்’ என்று 13 வயதுப் பெண் ஒப்பித்தால் அந்த நிமிடமே குட்டு உடைந்துவிடும். அதற்கென்றே பணம் வாங்கிக்கொண்டு பயிற்சி கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ‘அங்கே கணக்கு டியூஷன் பிடிக்கவில்லை, ஆனால் அப்பச்சியை விட்டிருக்க முடியவில்லை’ என்று அவள் முன்னுக்குப்பின் முரணாகச் சொன்னாலும் சொல்லட்டும். மனப்பாடத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் நீதிமன்றத்தில் ஏதாவது ஆணை உண்டா? வெளிநாட்டு ஆணையும் கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று, பிள்ளையின் நலனே முதன்மை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, ‘அந்த ஆணை இங்கே செல்லாது’ என்று சிலர் தைரியம் கொடுப்பார்கள். நம்பாதீர்கள். கிளம்புவதற்கு முன்பே ஆணை இருந்து, அதை மீறி மகள் வந்திருந்தால், பேத்தியின் விருப்பத்தையே அந்த மீறலின் விளைவாகப் பார்ப்பார்கள். விடுமுறை முடிந்ததும் திரும்பிவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் சிக்கல். இங்கே வந்தபின் மகளைக் கேட்காமலே வாங்கிய ஆணை என்றால் அதை எடுத்துச் சொல்லி வாதாட இடமுண்டு. ஆனால் அங்கிருந்து வந்த சம்மனைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தால் அந்த வாதம் நிற்காது.

பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் இருக்கிறது, இந்தியா இல்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-இல் பரிந்துரைத்தது. 2016-இல் மசோதா வரைவும் வந்தது. ஆனாலும் இன்னும் சேர்ந்தபாடில்லை. அதனால் ஒவ்வொரு குடும்பமும் புதிதாக முட்டி மோத வேண்டியிருக்கிறது. வாய்தா மேல் வாய்தா போட்டுப் பிள்ளையை ஓராண்டு இழுத்தடித்துவிட்டு, ‘இங்கே வேரூன்றிவிட்டதா?’ என்று அதே பிள்ளையைக் கேட்பதும் நடக்கிறது.

மாப்பிள்ளையுடன் வீடியோ அழைப்பை நிறுத்தாதீர்கள். பேசும்போது நீங்களும் மகளும் அறையில் இருக்க வேண்டாம். பேத்தியின் பாஸ்போர்ட், இரு பள்ளிகளின் சான்றுகள், அங்கிருந்து வந்த காகிதங்கள் எல்லாவற்றையும், பாதகமானவற்றையும் சேர்த்து, வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.