இரண்டு பேடிலையும் ஒருசேர இழுத்தால் என்ன நடக்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: போர்ஷே 911 ஜிடி3 காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும், விரலால் இழுத்துக் கியர் மாற்றும் இரண்டு பேடில்களையும் ஒரே நேரத்தில் இழுத்தால் கார் நியூட்ரலாகிவிடும் என்கிறார்கள். ஓடும் வண்டியில் இது ஆபத்து இல்லையா?

பதில்: அங்கே விடுபடுவது கியர் அல்ல, கிளட்ச். போர்ஷேயின் பிடிகே எனப்படும் இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படை கியர்களுக்கு மற்றொரு கிளட்சும் உண்டு. ஒன்று சக்கரங்களை இயக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்து வேண்டிய கியர் மற்றொன்றில் தயாராக நிற்கும். இரு பேடில்களையும் இழுத்துப் பிடித்தால் இரண்டு கிளட்சுகளும் திறந்து, இன்ஜினுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையிலான தொடர்பு துண்டிக்கப்படும். விரல்களை எடுத்ததும் இழுவை திரும்பிவிடும். மேனுவல் காரில் இடது கால் செய்கிற வேலைதான் இது. ஆகவே ஓடும்போது கிளட்சை மிதிப்பதில் எவ்வளவு ஆபத்து உண்டோ அவ்வளவுதான் இதிலும் உண்டு.

கேள்வி: தானாகவே கியர் மாற்றும் காரில் இப்படி ஒரு வசதியை எதற்காக வைத்தார்கள்?

பதில்: 2013ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜிடி3, 475 குதிரைத்திறனும் 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9,000 சுழற்சி) வரை சுழலும் இன்ஜினும் கொண்டிருந்தும், மேனுவல் கியர்பாக்ஸ் இல்லாமல் பிடிகேயுடன் மட்டுமே வந்தது. கிளட்ச் பெடலை இழந்த ஓட்டுநருக்கு அதன் பயனில் ஒரு பகுதியையாவது திருப்பித் தந்தது இந்த வசதி. முழுவதையும் தந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பெடலைக் காலால் அளந்து அளந்து விடுவதுபோல இதை விரலால் விட முடியாது. 2017இல் ஆறு கியர் மேனுவலும் ஜிடி3க்குத் திரும்பி வந்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

கேள்வி: வளைவில் இதனால் உண்மையில் என்ன பயன்? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதாதா?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கையில் முன்பக்கம் திரும்பாமல் வெளியே நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலைச் சட்டென்று எடுத்தால் இன்ஜின் பிரேக்கிங், அதாவது இன்ஜினே வேகத்தைக் குறைக்கும் விசை, பின்சக்கரங்களைப் பிடித்து இழுக்கும். எடையும் முன்னோக்கிச் சாயும். பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்க வேண்டிய பின்டயரின் ஆற்றலில் ஒரு பங்கு வேகத்தைக் குறைப்பதற்குச் செலவாகிவிடும். பின் அச்சுக்கும் அப்பால் இன்ஜினைச் சுமக்கிற 911இல் பின்பக்கம் வெளியே வீசுவதற்கு இது போதும். பேடில்களை இழுத்தாலோ பின்சக்கரங்களில் உந்தலும் இல்லை, இன்ஜினின் பிடியிழுப்பும் இல்லை. முன்டயர்களுக்குத் திரும்பும் பிடி கூடுகிறது. பின்டயர்கள் தம் பிடி முழுவதையும் பக்கவாட்டு விசைக்கே கொடுக்கின்றன.

கவனம் வேண்டியது விடும்போதுதான். மூன்றாம் கியரில் 6,000 ஆர்பிஎம்மில் இழுத்து, அதற்குள் இன்ஜின் 2,500க்கு இறங்கிய பிறகு விட்டால், அந்த வேறுபாடு முழுவதும் பின்டயர்களின் மீது விழும். பிஎஸ்எம் எனப்படும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இயங்கும்போது கிளட்ச் விரைவாகவும் ஓரளவு மென்மையாகவும் சேரும். அதை அணைத்துவிட்டால் அறைந்தாற்போலச் சேரும். வேண்டுமென்றே பின்பக்கத்தை நழுவவிட்டு டிரிஃப்ட் செய்கிறவர்கள் இந்தத் திடீர் அதிர்ச்சியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பழகாதவர்கள் பிஎஸ்எம்மை அணைக்காமல், ரேஸ் டிராக்கில், பயிற்சியாளர் அருகில் இருக்கும்போது தொடங்க வேண்டும். பொதுச்சாலை இதற்கு இடமே அல்ல.

கேள்வி: ஃபெராரியிலும் இரண்டு பேடில்களை இழுக்கிறார்களே, அதுவும் இதுதானா?

பதில்: செய்கை ஒன்று, நோக்கம் வேறு. ஃபெராரி 458 போன்ற கார்களில் அது உண்மையாகவே நியூட்ரலைத் தேர்ந்தெடுக்கும் முறை. வண்டியை நிறுத்தும்போது பயன்படுவது. பேடில்களை விட்டதும் இழுவை திரும்பாது, மறுபடி கியர் போட வேண்டும்.

கேள்வி: என்னிடம் ஏழு கியர் டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்) கார் இருக்கிறது. சென்னை நெரிசலில் கிளட்சைக் காப்பாற்ற, நிற்கும் ஒவ்வொரு முறையும் நியூட்ரல் போட வேண்டுமா?

பதில்: பிரேக்கை நன்றாக அழுத்தி நிற்கும்போது கியர்பாக்ஸே கிளட்சைத் திறந்துவிடுகிறது. சிக்னலில் நீண்ட நேரம் நிற்பதாக இருந்தால் நியூட்ரலும் ஹேண்ட் பிரேக்கும் போடுங்கள், அது போதும். கிளட்சைத் தேய்ப்பது பிரேக்கை அரைகுறையாக விட்டு அங்குலம் அங்குலமாக ஊர்வதும், மேம்பாலச் சரிவில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவதுமே. ஜிடி3யின் கிளட்சுகள் எண்ணெயில் மூழ்கி இயங்குவதால் வெப்பம் கடத்தப்படுகிறது. உங்கள் காரில் இருப்பது உலர் கிளட்ச் என்றால் அந்த உதவி கிடையாது. முன்னால் இரண்டு கார் நீளம் இடைவெளி விழும்வரை காத்திருந்து ஒரே மூச்சில் நகருங்கள்.

கேள்வி: நிற்கும் நிலையிலிருந்து பேடில்களைப் பிடித்து, ஆர்பிஎம்மை ஏற்றி, விட்டுக் கிளம்பினால், வேகமாகக் கிளம்புவதற்கென்றே காரில் இருக்கும் லாஞ்ச் கன்ட்ரோல் என்ற கணினி ஏற்பாட்டைவிட வேகமாகப் போகலாமா?

பதில்: போக முடியாது. லாஞ்ச் கன்ட்ரோலில் இடது காலால் பிரேக்கைப் பிடித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, பிரேக்கை விடுகிறீர்கள். டயர் தாங்கும் அளவுக்குக் கிளட்சை நழுவவிட்டுச் சேர்ப்பது கணினி. பேடிலை விடுகிற முறையில் டயர் புகைந்து சுழலுமே தவிர வண்டி முன்னேறாது. அந்த அதிர்ச்சியைக் கிளட்ச் முதல் சக்கரங்களைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் வரை எல்லாமே வாங்கிக்கொள்கின்றன. நேரத்தைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் லாஞ்ச் கன்ட்ரோலையே பயன்படுத்துங்கள்.