முகூர்த்த மாதங்களும் வீட்டு வெயிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில், நார்த்டேல் பகுதியில் வசிக்கிறேன். வார நாட்களில் அலுவலகத்தில் கணக்கு வேலை. சனி ஞாயிறுகளில் நம்மவர் திருமணங்களுக்குப் படம் எடுக்கிறேன். சென்ற வாரம் என் எட்டு வயது மகள், பள்ளியில் கேட்கிறார்கள் என்று குடும்பப் படம் ஒன்று கேட்டாள். இந்த ஆண்டு எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் எங்கள் வீட்டார் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. நகருக்கு வெளியே மிட்லேண்ட்ஸ் மலைப்பகுதிப் பக்கம் போய், இலைகள் நிறம் மாறும் நாட்களில் குடும்பத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆறு ஆண்டுகளாக நினைக்கிறேன். ஆனால் இங்கே இலையுதிர்காலமான சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். ஆடியில் எனக்கு ஓய்வு கிடைக்கும்போது மரங்கள் மொட்டையாகி நிற்கின்றன. நமக்கென்று படம் எடுக்க எப்படி நேரம் ஒதுக்குவது?

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் பழைய ஆல்பங்களை எடுத்துப் பார்த்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நானும் கேமராவைச் சுமந்திருக்கிறேன். காவடி, தீமிதி, தேர் என்று ஊர் முழுவதும் ஓடி ஓடி எடுத்திருக்கிறேன். அந்த ஆண்டுகளில் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் என் அம்மா எங்கள் வீட்டு வடக்குத் திண்ணையில் உட்கார்ந்து, வெயில் காய்ந்தபடி, மடும்பி என்று இங்கே சொல்லும் சேப்பங்கிழங்கின் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருப்பார். அந்தக் கோலத்தில் அவரை நான் ஒரு முறையும் எடுக்கவில்லை. தெருவில் போன ஊர்வலத்தை எடுத்த படமொன்றின் ஓரத்தில் அவருடைய முழங்கை மட்டும் இருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது எனக்குச் சிறிய கேள்வியல்ல.

நேரத்தை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். நம் ஊரில் இலையுதிர்காலம் அந்த நேரத்தைத் தானே வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. டிசம்பரில் இங்கே சூரியன் காலை ஐந்து மணிக்கு முன்பே எழுந்துவிடுகிறது. உங்கள் வீட்டார் கண் விழிக்கும்போது இளவெயிலின் மஞ்சள் போய், வெளுத்த வெளிச்சம்தான் மிஞ்சியிருக்கும். சித்திரைப் பிறப்பை ஒட்டி அதே சூரியன் ஏறக்குறைய ஆறேகால் மணிக்கு உதிக்கிறது. மே மாத இறுதியில் ஆறே முக்காலை நெருங்குகிறது. அதாவது உங்கள் மகளுக்குத் தலை வாரிவிடும் வேளையில், அவள் காலணியைத் தேடும் வேளையில், உணவுப் பெட்டியில் ரொட்டி வைக்கும் வேளையில், படக்காரர்கள் தவமிருக்கும் அந்தச் சாய்ந்த வெளிச்சம் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. முகூர்த்தக்காரர்கள் உங்களிடம் கேட்பது சனி ஞாயிறுகளைத்தான். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணியை அவர்கள் கேட்கவில்லை.

நாம் தெற்கு அரைக்கோளத்தில் இருப்பதால் நமக்குச் சூரியன் வடக்கில் சாய்கிறது. கோடையில் உச்சந்தலைக்கு அருகில் நிற்கும் அது, மே இறுதியில் நண்பகலிலும் 40 பாகைக்குக் கீழேதான் இருக்கும். ஆகையால் வடக்கு பார்த்த ஜன்னல் வழியே வெயில் அறையின் நடுவரை வந்து விழும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு ஜன்னல் எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அது சமையலறையில் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. ஃபிளாஷை வீட்டில் தொடாதீர்கள். கேமராவின் நிறச் சமநிலையான வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு மாற்றி வையுங்கள்; இல்லாவிட்டால் அந்த வெயிலின் பொன்னிறத்தைக் கேமராவே பெருமளவு குறைத்துவிடும்.

மிட்லேண்ட்ஸுக்குப் போவது நல்லதுதான். ஆனால் ஆறு ஆண்டுகள் தள்ளிப்போனதற்குக் காரணம், அதை ஒரு பயணமாக நீங்கள் எண்ணிக்கொண்டதே என்று நினைக்கிறேன். உங்கள் நகரிலேயே 1874இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் இருக்கிறது. அதில் 1908இல் நட்ட பிளேன் மரங்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. அந்த மரங்கள் பச்சையம் சிதைந்து, உள்ளே முன்பே இருந்த மஞ்சளை வெளிக்காட்டும் நாட்களில், ஒரு மாலை அலுவலகம் முடிந்ததும் போகலாமே என்று நினைத்தால் முடியாது. மே மாதத்தில் ஐந்து மணியைத் தாண்டிச் சற்று நேரத்தில் சூரியன் மறைந்துவிடும். ஆகவே ஒரே ஒரு சனிக்கிழமையை மட்டும் விட்டுக்கொடுங்கள். தை மாதமே, முன்பதிவுப் புத்தகத்தில், வேறொரு வீட்டுத் திருமணத்தை எழுதுவதுபோல் உங்கள் குடும்பத்தின் பெயரை எழுதிவிடுங்கள். அந்த நாளை யார் கேட்டாலும், ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று சொல்வது பொய்யாகாது. அங்கே இலைகளை வெயிலுக்கு எதிரே நின்று எடுங்கள். ஒளி இலையை ஊடுருவி வரும்போதுதான் நரம்புகளும் நிறமும் தெரியும்.

ஆயினும் இலைகளே பருவம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பழந்தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். நம் முன்னோர் 1860 முதல் இந்தக் கரைக்கு வந்திறங்கியபோது மாதங்களின் பெயர்களைக் கொண்டுவந்தார்கள், பருவங்கள் தலைகீழாகிவிட்டன. கடற்கரையை ஒட்டிய டொங்காட், ஸ்டாங்கர் பக்கம் பெரும்பாலான மரங்கள் இலை உதிர்ப்பதே இல்லை. அங்கே உதிர்வது கரும்புச் சாம்பல். ஏப்ரலில் அறுவடை தொடங்கியதும், வெட்டுவதற்கு முன் தோட்டத்தைக் கொளுத்துவார்கள். கருந்துகள்கள் பறந்து வந்து கொடியில் காயும் வெள்ளைத் துணிமேல் விழும். அதைக் கண்டு ஓடிவந்து துணி எடுக்கும் பாட்டியின் படமும் இலையுதிர்காலப் படம்தான். நாம் நார்ச்சி என்று சொல்லும் சிறிய ஆரஞ்சு வகைப் பழம் சந்தைக்கு வருவதும் இப்போதுதான் (அந்தப் பெயருக்கு வேர் நம் நாரத்தை என்றே அகராதிகள் சொல்கின்றன). உங்கள் மகள் பின்படியில் உட்கார்ந்து அதை உரிக்கட்டும். நீங்கள் எதுவும் சொல்லாமல் எதிரே உட்காருங்கள்.

ரஞ்சித் காலியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1925இல் இசிபிங்கோவில் பிறந்தவர். பழைய பொருள் விற்பனையில் ஆறு பென்ஸுக்கு வாங்கிய கேமராவில் தொடங்கி, காலணித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே படம் எடுக்கக் கற்று, பின்னர் டிரம் என்ற தென்னாப்பிரிக்க இதழின் படக்காரர் ஆனவர். விடுதலைப் போராட்டத் தலைவர்களான மண்டேலாவையும் லுத்துலியையும் எடுத்த அவர் நம் மக்களின் அன்றாட வாழ்க்கையையும் எடுத்தார். தொழிற்சாலைச் சங்குக்குக் கட்டுப்பட்ட ஒருவருக்கும் வெளிச்சம் கிடைத்தது என்பதற்காகவே அவரை நினைவூட்டுகிறேன்.

திருமணப் படங்களைத் திருத்திக் களைத்த கண்ணோடு இதையும் திருத்த உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் வெறுத்துவிடுவீர்கள். வீட்டுக்கென்று தனி மெமரி கார்டு, ஒரே லென்ஸ், ஒரு காலைக்குப் பத்து நிமிடம் போதும். திருத்தாமல் மாதம் பத்துப் படங்களைப் பிரிண்ட் போட்டு, பின்புறம் பென்சிலால் பெயரும் நாளும் எழுதுங்கள். காசு வாங்காத படத்தில் தலை கலைந்திருக்கலாம், கை அசைந்து மங்கலாகலாம்.

பள்ளி கேட்ட படத்தைப் பற்றி ஒன்று. அதை நீங்கள் எடுத்தால் அதில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். மகளிடம் கேமராவைக் கொடுத்துவிட்டு, மனைவியோடு அந்த வடக்கு ஜன்னல் ஓரம் போய் நில்லுங்கள். பிறகு மனைவி எடுக்கட்டும், நீங்கள் மகளோடு நில்லுங்கள். இரண்டையும் சேர்த்து ஒட்டிக் கொடுத்தால் ஆசிரியை ஏற்றுக்கொள்வார் என்றே நம்புகிறேன்.

அன்புடன்.