வெயிலில் முட்டி போட்டால் உறுதி வருமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பத்தாம் வகுப்புக்குப் போகிறான். காலையில் எழுப்பினால் எழுவதில்லை, எந்நேரமும் கையில் செல்போன், எதைச் சொன்னாலும் எதிர்ப்பேச்சு. ‘மிலிட்டரி ட்ரெயினிங்’ என்று விளம்பரம் செய்து மே மாதம் மூன்று வாரம் முகாம் நடத்துகிறார்கள். மொட்டையடித்து, வெயிலில் ஓடவிட்டு, கேட்காவிட்டால் முட்டி போடவைத்து வழிக்குக் கொண்டுவந்துவிடுவார்களாம். “பட்டாளத்தில் இப்படித்தான் பையன்களை இரும்பாக்குகிறார்கள், கொண்டுபோய் விடு” என்கிறான் என் தம்பி. மகனோ போகமாட்டேன் என்று அழுகிறான். அனுப்பலாமா?
– ஒரு தாய், கண்டனூர்

பதில்: அனுப்பாதீர்கள் ஆச்சி. முன்பணம் கட்டியிருந்தால் அது போனாலும் பரவாயில்லை.

பட்டாளம் ஆளை உறுதியாக்குகிறது என்று உங்கள் தம்பி சொல்வது உண்மை. எப்படி ஆக்குகிறது என்பதில்தான் தவறாக நினைத்திருக்கிறார். சத்தமும் தண்டனையும் வெளியே இருந்து பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படுகின்றன. அதனால் அதுதான் பயிற்சி என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். அதை மட்டும் பிரித்தெடுத்துக் காசுக்கு விற்கிற முகாம்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

விடிவதற்கு முன் காரைக்குடி கல்லூரிச் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். ராணுவத்தில் சேர்வதற்கான அக்னிவீர் தேர்வுக்காக ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். அப்புறம் கம்பியில் தொங்கி 10 முறை உடம்பைத் தூக்கினால் அதற்கும் முழு மதிப்பெண், 9 அடிப் பள்ளத்தையும் தாண்ட வேண்டும். இவர்களை யாரும் அடித்து எழுப்பவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நேற்றைவிட இரண்டு நொடி குறைந்ததா என்று தங்களுக்குள்ளேயே கணக்குப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் கட்டாய ராணுவ சேவை கிடையாது. விரும்பி வருகிறவனைத்தான் எடுக்கிறார்கள், அதுவும் பதினேழரை வயது ஆன பிறகு. உங்கள் மகனுக்கு 15, விருப்பமும் இல்லை. ராணுவமே எடுக்காத பிள்ளையை ராணுவப் பயிற்சி என்ற பெயரில் வேறு யார் கையிலோ ஏன் கொடுக்க வேண்டும்?

சரி, எடுத்த பிறகு என்ன நடக்கிறது? 1758-இல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது. நம் பக்கத்து வெயிலில் வளர்ந்த பிள்ளை அந்தக் குளிரில் இருட்டோடு எழுந்து நிற்க வேண்டும். பயிற்சி கொடுப்பவரை ‘உஸ்தாத்’ என்பார்கள். உஸ்தாத் சத்தம் போடுவார், திட்டுவார். தவறு செய்தால் தரையில் உருளவும் வைப்பார். அதற்கு ‘ரகடா’ என்று பெயர். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தைச் சுற்றி எவ்வளவு காரியம் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில் வெறுங்கையோடு ஓட்டம், உடம்பு தேறத் தேறத் தூரம் கூடும், அப்புறம்தான் முதுகில் சுமையும் தோளில் துப்பாக்கியும் ஏறும். கடைசியில் அந்தச் சுமையோடேயே 5 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். இதை முதல் வாரத்திலேயே செய்யவைத்தால் என்ன ஆகும்? முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் மயிரிழை போல விரிசல் விழும். உலகத்தில் எல்லாப் படைகளிலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதிகம் வருகிற காயங்களில் இது ஒன்று. அதனால்தான் வார அட்டவணையும், மருத்துவரும், வயிறு நிறையச் சாப்பாடும், விளக்கணைக்கும் நேரமும் அங்கே சட்டமாகவே இருக்கின்றன.

தண்ணீர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீரைக் குறைத்துப் பழக்கினால் சிப்பாய் தாகத்தைத் தாங்குவான் என்று ஒரு காலத்தில் பல படைகள் நம்பின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாலைவனத்தில் ஆராய்ந்து பார்த்தபோது, மனித உடம்பு தண்ணீர் இல்லாமைக்குப் பழகவே பழகாது, தளர்ந்து விழத்தான் செய்யும் என்று தெரிந்தது. இன்றைக்கு ஒழுங்கான பயிற்சியில் தண்ணீர் குடிப்பதையும் கட்டளையாகவே சொல்கிறார்கள். நம் ஊர் மே மாத வெயிலில், மொட்டைத் தலையோடு பிள்ளைகளை ஓடவிடுகிறவருக்கு இது தெரியுமா? ஒரு பையன் சுருண்டு விழுந்தால் உடம்பைக் குளிரவைக்க அங்கே என்ன ஏற்பாடு இருக்கிறது?

பெயர்பெற்ற படையிலேயே கட்டுப்பாடு தவறினால் உயிர் போயிருக்கிறது. அமெரிக்க மரைன் படையின் பாரிஸ் தீவுப் பயிற்சி முகாமில், 1956 ஏப்ரல் 8 இரவு, ஒழுங்கு கற்பிக்கிறேன் என்று ஒரு பயிற்சியாளர் தன் பிரிவைக் கடல்நீர் ஏறிய ஓடைக்குள் நடத்திச் சென்றார். அவரும் கூடத்தான் இறங்கினார். ஆனால் அது பயிற்சித் திட்டத்தில் இல்லாத வேலை, அவராக எடுத்த முடிவு. ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். அதற்குப் பிறகு பயிற்சியாளர்கள் மேல் மேற்பார்வையைக் கூட்டினார்கள். பயிற்சியின் கடுமை குறையவில்லை. இன்றும் அங்கே 13 வாரம், அதன் முடிவில் தூக்கமும் சாப்பாடும் குறைத்து 54 மணி நேரச் சோதனை.

அதே அமெரிக்காவில் 1983 முதல், தப்பு செய்த இளைஞர்களைத் திருத்த இந்தப் பாணியில் முகாம்கள் திறந்தார்கள். மொட்டை, அதட்டல், தண்டனை எல்லாம் அப்படியே இருந்தன. ஆய்வு செய்து பார்த்தபோது, அங்கே இருந்து வந்தவர்கள் மறுபடி குற்றம் செய்வது மற்றவர்களைவிடக் குறையவில்லை. 2006-இல் ஃபுளோரிடாவில் 14 வயதுப் பையன் ஒருவன் முகாமுக்கு வந்த முதல் நாளே ஓட்டத்தில் சரிந்தான். எழுந்து ஓடு என்று காவலர்கள் அவனை அடித்து அமுக்கினார்கள். மறுநாள் இறந்துபோனான். அந்த மாநிலம் அத்தகைய முகாம்களை மூடிவிட்டது. உங்கள் தம்பிக்கு வேறு எதைக் காட்டாவிட்டாலும் இதைக் காட்டுங்கள்.

“நம் ஐயாக்கள் சின்ன வயதிலேயே கப்பல் ஏறவில்லையா” என்று அவர் கேட்கலாம். ஏறினார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த நம் செட்டிநாட்டு வட்டிக்கடைகளுக்குப் பெட்டியடியாக, அதாவது எடுபிடிப் பையனாகப் போய், கடை கூட்டி, தண்ணீர் எடுத்து, கடிதம் கொண்டுபோய்க் கொடுத்து, ராத்திரியில் கணக்கு எழுதப் பழகினார்கள். கஷ்டம்தான். ஆனால் கடையும் தங்குமிடமுமான அந்தக் கிட்டங்கியில், கடைப் பொறுப்பாளரான மேலாளும் அதே தரையில்தான் படுத்தார், அதே அடுப்பில் பொங்கியதைத்தான் சாப்பிட்டார். இன்றைக்குப் பெட்டியடி, நாளைக்கு அடுத்தாள், அதன் பிறகு மேலாள் என்று பையனுக்கு முன்னால் வழி தெரிந்தது. கணக்கு முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் தாங்காமல் நோயில் விழுந்த பிள்ளைகள் உண்டு. ஜெயித்து வந்தவர்கள் கட்டிய வீடுகள் நம் தெருக்களில் நிற்பதால் அவர்கள் கதை மட்டும் நமக்குத் தெரிகிறது.

அதே கடல் கடந்த மண்ணில் இன்னொன்றும் நடந்தது. 1943-இல் நேதாஜி சிங்கப்பூரில் பெண்களுக்கென்றே ஜான்சி ராணிப் படை அமைத்தபோது, கேப்டன் லட்சுமியின் தலைமையில் சேர்ந்தவர்களில் பலர் மலேயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைப் பார்த்தேயிராத பெண்கள் துப்பாக்கி பிடிக்கவும் சுமையோடு நடக்கவும் கற்றார்கள். 1945-இல் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, குண்டுவீச்சுக்கு நடுவே, இரவுகளில் சேற்றில் நடந்தார்கள். நேதாஜி அவர்களை விட்டுவிட்டு முன்னால் போகவில்லை, கூடவே நடந்தார். அந்தப் பெண்களின் உறுதியை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அவர்களில் யாரையும் வீட்டார் தண்டனைக்காகக் கொண்டுபோய் விடவில்லை.

இனி உங்கள் மகன். பதினைந்து வயதில் தூக்கம் தள்ளிப்போவது உடம்பின் இயல்பு. அதைச் சோம்பல் என்று மட்டும் பார்க்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்குச் செல்போன் கூடத்தில் இருக்கட்டும், உங்களுடையதும் அவன் அப்பாவுடையதும் சேர்த்து. சீருடையும் அணிவகுப்பும் பிடிக்குமா என்று கேளுங்கள். பிடித்தால் பள்ளியில் தேசிய மாணவர் படை, அதாவது என்.சி.சி. இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கேயும் முகாம் உண்டு, பொறுப்பான ஆட்களும் உண்டு. பின்னாளில் ராணுவத்துக்குப் போக நினைத்தால் அந்தச் சான்றிதழுக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் கிடைக்கும். பிடிக்கவில்லை என்றால் கபடியோ நீச்சலோ, அவனே சொல்லட்டும்.

உங்கள் தம்பி மருமகன் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார் என்று நம்புகிறேன். அம்மான் சொல்லுக்கு நம் வீடுகளில் மதிப்பு உண்டு. வருகிற திங்கட்கிழமையிலிருந்து காலை ஐந்தரை மணிக்கு அவரை உங்கள் வீட்டு வாசலுக்கு வரச் சொல்லுங்கள். பையனோடு சேர்ந்து அவரும் ஓடட்டும்.