ரிவ்யூ வசதி: கடையோடு வருவதா, தனியாகப் போடுவதா?

கேள்வி: சென்னிமலைப் பெட்ஷீட்டுகளை வாட்ஸ்அப்பில் விற்று வருகிறேன். இப்போது சொந்தமாக ஆன்லைன் கடை தொடங்கப் போகிறேன். வாங்கியவர்கள் ரிவ்யூ எழுதும் வசதி வேண்டும். வேர்ட்பிரஸ் வலைத்தளத்தில் கடை போட உதவும் வூகாமர்ஸில் அது உள்ளேயே இருக்கிறது, கடையை அமைத்து நடத்தித் தரும் சேவையான ஷாப்பிஃபையில் தனி ஆப் போட வேண்டும் என்கிறார்கள். உள்ளேயே இருப்பதை எடுப்பதுதானே லாபம்?

பதில்: அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். வூகாமர்ஸில் நட்சத்திரமும் எழுத்தும் உண்டு. வாங்கியவர் மட்டும் எழுதும்படி செட்டிங்கில் ஒரு டிக் போட்டுவிடலாம். போட்டோ மட்டும் ஏற்ற முடியாது. உங்களுக்கோ அதுதான் முக்கியம். திரையில் மெரூனாகத் தெரிந்த பெட்ஷீட் கட்டிலில் விரித்தபோது என்ன நிறம் என்பதை வாங்கியவரின் போட்டோதானே சொல்லும்? அதற்கு அங்கேயும் பிளகின்தான், அதாவது தனியாகச் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்தான்.

அப்புறம், ரிவ்யூ எங்கே சேமிக்கப்படுகிறது என்று கேளுங்கள். வூகாமர்ஸின் சொந்த ரிவ்யூக்கள் உங்கள் வேர்ட்பிரஸ் டேட்டாபேஸிலேயே இருக்கும். ஆப் என்றால் பெரும்பாலும் ஆப்காரரின் சர்வரில். ஷாப்பிஃபை நிறுவனமே ஒரு காலத்தில் இலவச ரிவ்யூ ஆப் வைத்திருந்தது; 2024 மே மாதம் அதை மூடிவிட்டது. அதை வைத்திருந்த கடைக்காரர்கள் ரிவ்யூக்களை இறக்கி வேறு ஆப்புக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

அதனால் எந்த ஆப்பானாலும் இலவச நாட்களிலேயே சோதித்துவிடுங்கள். தமிழில் இரண்டு ரிவ்யூ போட்டு, சிஎஸ்வி ஃபைலாக (எக்ஸலில் திறக்கக்கூடிய எளிய அட்டவணை) இறக்கித் திறந்து பாருங்கள். எக்ஸலில் எழுத்துகள் கன்னாபின்னாவென்று தெரிந்தால் பதறாதீர்கள், அது பல நேரம் எக்ஸலின் குறும்பு. கூகுள் ஷீட்ஸிலும் அப்படியே என்றால் அந்த ஆப் வேண்டாம்.

செலவு? ஷாப்பிஃபை ஆப்களுக்குப் பெரும்பாலும் மாதச் சந்தா, அதுவும் டாலரில். வூகாமர்ஸின் சந்தையில் பெரும்பாலும் வருடச் சந்தா. புதுப்பிக்காவிட்டாலும் பிளகின் ஓடும், அப்டேட் வராது. அப்டேட் இல்லாத பிளகின், தாழ் போடாத கொல்லைக் கதவு மாதிரி.

பேக்கப், அப்டேட் எல்லாம் பார்க்க ஆள் இருந்தால் வூகாமர்ஸ் எடுங்கள். இல்லையென்றால் ஷாப்பிஃபையும் ஒரே ஒரு ரிவ்யூ ஆப்பும் போதும். எதுவானாலும், முதல் ஐம்பது ரிவ்யூ வரும்வரை ஆப்புக்குப் பணம் கட்டாதீர்கள். வாங்கியவர்களிடம் வாட்ஸ்அப்பிலேயே போட்டோ கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் பொருளின் படங்களோடு நீங்களே சேர்த்துவிடலாம்.